கீறல் விழுந்தா தூக்கிப் போட்டுடணுமா?



நம்ம அறிவியல் மன்றம் மீன்தொட்டி செய்யப் போறது எல்லாருக்கும் தெரியும். அதுக்கு எடுத்து வெச்சது புது ஷீட் இல்லை. கொரோனா சமயத்துல, 2020-லயும் 2021-லயும், ஆபீஸ் மேசைமேல தடுப்பா நின்ன அக்ரிலிக் ஷீட். 5 மி.மீ. தடிமன். ஸ்டோர் ரூம்ல சும்மா கிடந்ததைத் தலைமையாசிரியர் எங்களுக்குக் கொடுத்தார். நாங்க என்ன செஞ்சோம்? தூக்கிட்டு வரச் சோம்பல்பட்டு, வராண்டா முழுக்க இழுத்துட்டு வந்தோம். அடியில மணல். ஒரு பக்கம் பூரா கீறல்!

அன்னையிலிருந்து ‘யாருடா இழுத்தது?’ன்னு ஒரே சண்டை. இழுத்ததுல நானும் ஒருத்தன், ஒத்துக்கறேன். இப்போ ‘கண்ணாடித் தொட்டியே வாங்கிடலாம், தலைக்கு 50 ரூபாய் போடுங்க’ன்னு பேச்சு வந்திருக்கு. எனக்கு இதுல உடன்பாடு இல்லை. 50 ரூபாய் சிலருக்கு ஒண்ணுமே இல்லை. சிலர் வீட்டுல அதைக் கேட்கவே முடியாது. கேட்க மாட்டாங்க, பேசாம மன்றத்துக்கு வராம நின்னுடுவாங்க. போன கூட்டத்துக்கே ரெண்டு பேர் வரலை.

கீறலைப் போக்க முடியும். நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டலைன்னா லேசான கீறல், 1000 நம்பர் வாட்டர் பேப்பர்ல ஆரம்பிச்சா போதும். மாட்டினா ஆழம். அதுக்கு 400, அப்புறம் 600, 800, 1000, 1500, 2000 என்று படிப்படியாப் போகணும். தண்ணி விட்டுத்தான் தேய்க்கணும். அக்ரிலிக் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளக ஆரம்பிச்சிடும், காய்ஞ்ச தாளால அழுத்தித் தேய்ச்சா அந்தச் சூட்டுலயே இழுபடும். ஒரு நம்பரை நெடுக்கில் தேய்ச்சா அடுத்ததைக் குறுக்கில் தேய்க்கணும். பழைய கோடு ஒண்ணுகூட இல்லாம மறைஞ்ச பிறகுதான் அடுத்த தாள். கீறலை மட்டும் நோண்டித் தேய்ச்சா அங்கே குழி விழும், அந்த இடத்துல மீன் கோணலாத் தெரியும். அதனால சுற்றி அகலமாத் தேய்க்கணும்.

ஒரு துண்டுல தேய்ச்சுப் பார்த்தேன். 400 போட்டதும் பால் கண்ணாடி மாதிரி வெளுத்துப் போச்சு. ‘இருந்ததையும் கெடுத்துட்டியே!’ன்னு பசங்க சிரிச்சாங்க. 2000 முடிஞ்சும் லேசா மங்கல்தான். அதுமேல ஒரு சொட்டுத் தண்ணி விட்டேன். சொட்டு விழுந்த இடம் மட்டும் பளிச்சுன்னு தெரிஞ்சுது!

ஒளிவிலகல் எண் படிச்சிருக்கோமே, அதுதான் காரணம். காற்றுக்கு 1, தண்ணிக்கு 1.33, அக்ரிலிக்குக்கு 1.49. கீறலுக்குள்ள காற்று இருந்தா வித்தியாசம் பெரிசு, ஒளி சிதறும். தண்ணி இருந்தா வித்தியாசம் குறையுது, கீறலும் மறையுது. நம்ம ஷீட்ல கீறல் எல்லாம் ஒரே பக்கம். அந்தப் பக்கத்தை 2000 வரைக்கும் தேய்ச்சு உள்பக்கமாத் திருப்பி ஒட்டினா மீதியைத் தண்ணியே பார்த்துக்கும். வெளிப்பக்கக் கீறலா இருந்தா மெக்கானிக் கடை ரப்பிங் காம்பவுண்ட் போட்டு மெருகேத்தணும். மீன் இருக்கிற பக்கத்துல அந்த மருந்தெல்லாம் இல்லாம முடியறது நல்லதுதானே.

சார் சொன்ன ஆட்சேபணை ஒண்ணு நியாயமானது: ‘தொட்டி உடைஞ்சா?’ போர்டு செய்யற கடையில அக்ரிலிக்கைக் கத்தியால ஆழமாக் கீறி, மேசை விளிம்புல வெச்சு அமுக்கி ஒடிக்கிறாங்க. அப்படின்னா ஆழமான கீறல் பாதி வெட்டுக்குச் சமம். நம்ம ஷீட்ல ஓரத்துல ஒண்ணு அப்படி இருக்கு. அதைத் தேய்க்கக் கூடாதுன்னுதான் நானும் சொல்றேன், அந்த ஓரத்தையே வெட்டிடணும். 50 செ.மீ. நீளம் நினைச்சது 45 ஆகும். அகலம் 25, தண்ணி உயரம் 20 என்றால் இருபத்திரண்டரை லிட்டர். கப்பி மீனுக்குத் தாராளம். தொட்டி சின்னதாயிடுச்சுன்னு சிலர் முகம் சுளிப்பாங்க, சுளிக்கட்டும்.

ஒட்டுறதை மட்டும் கடை அண்ணன்கிட்ட விட்டுடலாம், அந்தத் திரவத்தோட புகை நமக்கு ஆகாது. தேய்க்கிற வேலையை ஒட்டுறதுக்கு முன்னாடியே முடிச்சிடணும், அப்புறம் மூலையில கை போகாது. ஷீட்டை ஸ்பிரிட், தின்னர் எதுவும் போட்டுத் துடைக்காதீங்க, பொடிப்பொடியா விரிசல் விடும்.

திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் குழாயடியில ஆரம்பிக்கலாமான்னு சார்கிட்ட கேட்டிருக்கேன். தாள் எல்லாம் நான் வாங்கி வெச்சாச்சு. வராம இருக்கிற ரெண்டு பேரும் வாங்கடா, 400 நம்பருக்குத்தான் ஆள் நிறைய வேணும்.

– இழுத்தவர்களில் ஒருவன்,
பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு