தூண்டிலுக்கும் ஒரு படித்துறை

கோவை உக்கடம் பெரியகுளத்துக் கரையில் நடைபாதை வந்துவிட்டது, விளக்குகள் வந்துவிட்டன. சாயங்காலமானால் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் கூடுகிறது. ஆனால் கைப்பிடிக் கம்பிக்கு அப்பால் இருக்கும் தண்ணீரை யாரும் தொடுவதில்லை. அதில் மீன் விடுவதும் பிடிப்பதும் மீனவர் சங்கத்தின் பாடு, குத்தகைக்காரரின் பாடு. ஓரத்தில் மண்புழுவும் தக்கையுமாகத் தூண்டில் போடும் ஒருசிலரும், யார் விரட்டுவார்களோ என்று பார்த்துப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவர்களுக்கு ஒரு படித்துறை ஒதுக்கிக் கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களில் எல்லோரும் மீன் பிடிக்க ஊர் வழக்கமே உண்டு. மழைக்காலத்தில் நிறைந்த கண்மாயில் மீனை வளரவிட்டு, கோடையில் தண்ணீர் வற்றியதும் ஒருநாள் குறிப்பார்கள். பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாகச் சுற்றுப்பட்டி சனம் மொத்தமும் இறங்கும். அன்று பிடித்த மீனுக்கு யாரும் காசு கேட்பதில்லை. அதற்கு முன்னால் திருட்டுத்தனமாக வலை போட்டவனை ஊரும் விடாது. எல்லோருக்கும் பங்கு இருப்பதால்தான் எல்லோரும் காவல் காக்கிறார்கள்.

நம் கொங்குச் சீமையிலும் ஒரு பாடம் இருக்கிறது. ஆழியாறு அணையில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையம் செய்து காட்டியது அது. கண்டபடி குஞ்சுகளைக் கொட்டாமல், நான்கு அங்குலத்துக்கு வளர்ந்த விரலிகளை அளவாக விட்டார்கள். வலைக் கண்ணின் அளவைக் கட்டுப்படுத்தினார்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த கட்லா, ரோகுவைப் பிடிக்கத் தடை போட்டார்கள். விளைச்சல் பல மடங்கு ஏறியது. நகரக் குளத்தில் தூண்டில் போடுகிறவருக்கும் இதே போன்ற கட்டுப்பாடுகளை வைக்கலாம்: ஆளுக்கு ஒரு தூண்டில், வலை கூடாது, சின்ன மீனைத் திரும்ப விட வேண்டும். தூண்டில் போட அனுமதிச் சீட்டு கொடுத்து வாங்கும் காசு மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்கே போகட்டும். அவர்கள் பிழைப்பில் கை வைக்கக் கூடாது. தூண்டில்காரர் காசு மீனுக்கே திரும்புவது புதிதல்ல: அமெரிக்காவில் தூண்டில் சாமான்கள் மீதான வரி, 1950இல் வந்த ஒரு சட்டப்படி, மீன்வளத்தைப் பெருக்கும் வேலைக்கே திரும்பிப் போகிறது.

‘இந்தச் சாக்கடைத் தண்ணீர் மீனையா சாப்பிடுவது?’ என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் ஊரே கேட்க வேண்டும் என்கிறேன். நொய்யல் வாய்க்கால்களில் கலக்கும் கழிவு, குளத்தில் பாசியையும் ஆகாயத்தாமரையையும் கொழிக்க வைக்கிறது. இரவில் அத்தனையும் சேர்ந்து தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்கின்றன. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. பிறகு செத்து மிதக்கின்றன. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீன் எந்தக் கழிவிலும் தாக்குப்பிடிக்கும், கட்லா தாங்காது. அதனால் தூண்டிலில் என்ன மாட்டுகிறது என்பதே குளத்தின் நிலையைச் சொல்லிவிடும். தினமும் வந்து உட்காருகிற தூண்டில்காரர் இதை எந்த அதிகாரிக்கும் முன்னால் தெரிந்துகொள்வார்.

2013இல் இதே பெரியகுளத்தைத் தூர் வார ஆயிரக்கணக்கான பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். கோவைக்காரர்களுக்குக் குளத்தின் மேல் அக்கறை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த அக்கறை வருஷம் முழுக்க நிற்பதற்கு, குளத்திடமிருந்து அவர்களுக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும்.

முதலில் ஒரே ஒரு குளத்தில் தொடங்கலாம். மாநகராட்சியும் மீன்வளத் துறையும் சேர்ந்து தண்ணீரையும் மீனையும் மாதாமாதம் சோதித்து, ‘இந்த மீனைச் சாப்பிடலாம்’ அல்லது ‘சாப்பிடக் கூடாது’ என்று படித்துறையிலேயே பலகையில் எழுதிப் போடட்டும். ‘கூடாது’ என்று எழுத வேண்டி வந்தால், கழிவு எந்த வாய்க்கால் வழியாக வருகிறது என்பதையும் அதே பலகையில் எழுத வேண்டும்.