தாயத்தும் தணியும் ஜுரமும்

குழந்தைக்கு மாதம் தவறாமல் ஜுரம் வருகின்றது, காரணம் தெரியவில்லை என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கின்றது? முதல் நாள் கண்ணேறு கழிப்பது. மறுநாள் மந்திரித்த திருநீறு. மூன்றாம் நாள் ஜோசியனிடம் பாலாரிஷ்டம் பார்ப்பது. நாலாம் நாள் தாயத்து. ஐந்தாம் நாள் ஜுரம் இறங்கிவிடுகின்றது. உடனே தாயத்துக்கு மகிமை வந்துவிடுகின்றது! அப்படியானால் அடுத்த மாதம், தாயத்துக் கட்டிய அதே குழந்தைக்கு மறுபடியும் ஜுரம் வருவானேன்? கேட்டால் பெற்றவள் தீட்டுப் பாராதது குற்றமாம்!

1987-ல் அமெரிக்க வைத்தியர்கள் இத்தகைய ஜுரமொன்றை விவரித்திருக்கின்றார்கள். பெரும்பாலும் ஐந்து வயதிற்குள் தொடங்கும். சில வாரங்களுக்கொரு முறை வரும். தொண்டை நோவும், வாய்ப்புண்ணும், கழுத்தில் நெறியும் காணலாம். நாலைந்து நாளில் தானே இறங்கும். வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும். தானே போகும் ஜுரத்திற்குத் தாயத்துக்காரன் கூலி வாங்குகின்றான்.

அதற்காகச் சும்மாயிருப்பதும் ஆபத்தே. மூத்திரத் தாரையில் கிருமி, மலேரியா, க்ஷயம் இவைகளும் விட்டு விட்டு ஜுரம் காட்டும். மூத்திரக் கிருமியைக் கவனியாவிட்டால் சிறுநீரகம் கெடக் கூடும்.

ஆகவே தாயத்துக் காசில் ஒரு தெர்மாமீட்டரும் நோட்டுப் புத்தகமும் வாங்குங்கள். தேதி, சூடு, வாய்ப்புண் யாவும் குறித்து வைத்தியரிடம் காட்டுங்கள். மூன்று மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு 100.4 டிகிரி கண்டாலும், எக்குழந்தைக்கும் வலிப்போ மூச்சுத் திணறலோ கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வைத்தியர் “இன்னும் தெரியவில்லை, சோதிப்போம்” என்றால் இகழாதீர்கள். எல்லாம் தெரிந்ததாகச் சொல்லிக் காசு பிடுங்குகிறவனைவிட அவர் யோக்கியர்.