பாதிப் பணத்தை வங்கி தரட்டும்

‘மும்பை போலீஸிலிருந்து பேசுகிறோம், உங்கள் பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது’ என்று மிரட்டி, ‘டிஜிட்டல் கைது’ என்று பணம் பறிக்கும் அழைப்புகள் பற்றிப் பிரதமர் 2024 அக்டோபரில் ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் எச்சரித்தார். காலர் ட்யூனில் அமிதாப் பச்சன் மாதக்கணக்கில் எச்சரித்தார். அதன் பிறகும், 2025 டிசம்பர் 1 அன்று இவ்வழக்குகளை சிபிஐயிடம் ஒப்படைக்க வேண்டிய நிலை உச்ச நீதிமன்றத்துக்கு ஏற்பட்டது.

அடையாளம் காண்பது எளிது. ‘டிஜிட்டல் கைது’ எந்தச் சட்டத்திலும் இல்லை. போலீஸ் விசாரணைக்கான நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2025 ஜனவரியில் கூறிவிட்டது. வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டையோடு வந்து பணம் கேட்பவர் திருடர்தான். இணைப்பைத் துண்டித்து, சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். ஆனால், பயம் யோசிக்க விடுவதில்லை. லூதியானாவின் பெரும் தொழிலதிபர் ஒருவரே போலி உச்ச நீதிமன்ற ‘விசாரணை’யை நம்பி 7 கோடி ரூபாய் அனுப்பினார்.

இவ்வகைக் குற்றங்களில் 2022-ல் பதிவானவை 39,925. இழப்பு 91 கோடி ரூபாய். 2024-ல் 1,23,672, இழப்பு 1,935 கோடி ரூபாய். புகார்கள் 3 மடங்கு, பணமோ 21 மடங்கு!

இந்தப் பணம் காற்றில் போகவில்லை. வங்கி வழியாகத்தான் போனது. ஓய்வூதியத்தை மட்டுமே எடுத்துவந்த முதியவர், வைப்புத்தொகையை உடைத்து முன்பின் தெரியாத கணக்குக்கு லட்சங்களை அனுப்பும்போது வங்கிக்குச் சந்தேகமே வரவில்லை. கமிஷனுக்காக மோசடிக்காரர்களுக்கு வாடகைக்கு விடப்பட்ட கணக்குகளைத் திறந்துகொடுத்ததும் வங்கிதான். கேஒய்சி என்று வாடிக்கையாளரை அலையவிடுவதோடு அதன் கண்டிப்பு முடிந்துவிடுகிறது.

பிரிட்டனைப் பாருங்கள். 2024 அக்டோபர் 7 முதல், ஏமாந்து தானே பணம் அனுப்பியவருக்கும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் ஈடுகட்ட வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, பெற்ற வங்கி பாதி. அதுவும் பொதுவாக ஐந்து வேலை நாட்களுக்குள்! இங்கோ, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போனது, அவர் புகார் தரும்வரை அவர் தலையிலேயே விடியும் என்றது ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை.

‘ஈடு கிடைத்தால் மக்கள் அலட்சியமாகிவிடுவார்கள்’ என்பது வங்கித் தரப்பின் வாதம். வாழ்நாள் சேமிப்பை யாரும் அலட்சியத்தால் இழப்பதில்லை, வாதமே அபத்தம்.

பிரிட்டன் விதியை ரிசர்வ் வங்கி இங்கே கொண்டுவரட்டும். இழப்பில் பாதி தங்கள் லாபத்திலிருந்து போகும் என்றால், வாடகைக் கணக்குகளை வங்கிகளே ஆறு மாதத்தில் ஒழித்துக்கட்டும். சிபிஐக்கு வேலையே இருக்காது.