பிழைக்கு இடங்கொடாத வாய்

திருவண்ணாமலையினின்று கீழ்பென்னாத்தூர் வழியாகச் செஞ்சி செல்லும் பெருஞ்சாலையில் பெட்ரோல் வண்டிகளும் டீசல் வண்டிகளும் கலந்தே ஓடுகின்றன. ஒரே தோற்றமுடைய கார் இருவகை எஞ்சினோடும் விற்கப்படுதலின், புறத்தோற்றங் கண்டு இன்ன எண்ணெய் என்று துணிதல் அரிது. நம் நாட்டிலோ எண்ணெய் நிரப்புகிறவர் பெரும்பாலும் வண்டிக்குடையவர் அல்லர். பங்க்கில் நாள்முழுதும் நின்றுழைக்கும் ஊழியரே. பௌர்ணமிதோறும் கிரிவலத்திற்குச் செல்லும் வண்டிகள் நெருங்கி நிற்கும்போது அவர் கை தவறுதல் வியப்பன்று.

டீசல் காரில் பெட்ரோல் புகின் விளையும் கேடு சிறிதன்று. எண்ணெயை மிக்க அழுத்தத்தோடு செலுத்தும் பம்பு, டீசலின் வழவழப்பினாலேயே தேயாது இயங்குகின்றது. பெட்ரோலுக்கு அவ்வழவழப்புப் போதாது. உலோகம் உராய்ந்து துகளாகி எஞ்சின்வரை பரவும். பிழை தெரிந்தவுடன் எஞ்சினை இயக்காது டாங்கை வடித்துவிடின் பெருஞ்செலவு தப்பலாம்.

நிறக்குறியே போதும் என்பர் சிலர். இங்கிலாந்தில் பச்சைக் கைப்பிடி பெட்ரோலுக்கு உரியது. அமெரிக்காவிற் பல இடங்களில் அதே பச்சை டீசலுக்கு உரியது. நிறத்தைக் கண் மறக்கும். பருமனையோ குழாய் மறவாது. 1970களின் நடுவில் ஈயங்கலவாத பெட்ரோல் பரவியபோது, அமெரிக்கர் புதுக் கார்களின் டாங்க் வாயைக் குறுக்கி, ஈயப் பெட்ரோலின் பருத்த குழாய்முனை நுழையாவண்ணம் செய்தனர்.

ஐரோப்பாவில் கார்களுக்குரிய பெட்ரோல் முனை ஏறக்குறைய 21 மில்லிமீட்டரும், டீசல் முனை 24 மில்லிமீட்டரும் பருமனுடையன. ஆகவே பெட்ரோல் காரில் டீசல் எளிதிற் புகாது. டீசல் காரின் அகன்ற வாயிலோ மெல்லிய பெட்ரோல் முனை தடையின்றி நுழையும். மிகுந்த கேடு தரும் வழியே திறந்து கிடக்கின்றது! இதனைக் கண்ட போர்டு கம்பெனியார், ஐரோப்பாவில் விற்ற டீசல் கார்களின் வாயில் ஒரு தாழ் அமைத்தனர். இருபுறத்துக் கொக்கிகளையும் ஒருங்கே தள்ளவல்ல பருத்த முனைக்கே அது திறக்கும்.

இத்தகைய தாழ் நம் நாட்டில் விற்கப்படும் ஒவ்வொரு டீசல் காரிலும் இருத்தல் வேண்டுமென்பதே நம் அபிப்பிராயம். பங்க்குகளின் குழாய்முனைகளும் யாண்டும் ஒரே அளவு விதிக்கு உட்படல் வேண்டும். கேனிலிருந்து ஊற்றுவோர்க்கு இது இடையூறாகாதோ எனின், வண்டியோடு ஒரு புனலைச் சேர்த்துக் கொடுத்தால் அக்குறை தீரும்.

இடறுகல்லை வழியில் விட்டுவைத்து, இடறினவன் கூலியில் நஷ்டத்தைப் பிடித்தல் நீதியாகாது. நம் கலாசாலையினின்று யந்திரக்கலை பயிலச் செல்லும் மாணாக்கர், வேகத்தையும் அழகையும் கருதுமுன் அவ்வூழியரின் களைத்த கையைக் கருதுவாராக.