சர்தாரும் நாமும்

ஹவுரா என்றதும் நமக்குப் பாலமும் புகைவண்டி நிலையமுமே நினைவுக்கு வரும். அவ்வூரைத் தொழில் நகரமாக்கியவற்றுள் சணல் ஆலைகளும் உண்டு. 1855இல் ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை எழுந்தது. பின்னர் சிவபூர், பாலி, பௌரியா என்று ஹவுராக் கரையிலும் பரவின. தொடக்கத்தில் வங்காளிகளே மிகுதியாக உழைத்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குள் பீகாரிகளும் ஐக்கிய மாகாணத்தாரும் ஒடியரும் தெலுங்கரும் நிறைந்துவிட்டனர். மேலாளர்களோ பெரும்பாலும் ஸ்காட்லாந்துக்காரர். டண்டீ நகரிலிருந்து வந்தோர் பலர். ஒரே கூரையின் கீழ் இத்தனை மொழி, இத்தனை சமயம்! இவர்களை எவ்வாறு நடத்திச் சென்றனர்?

அவர்கள் நடத்தவே இல்லை என்பது என் துணிபு. பொறுப்பு முழுவதையும் சர்தாரிடம் விட்டுவிட்டனர். கங்காணி என்றால் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். ஆள் சேர்ப்பவரும் அவரே, மாமூல் வாங்குபவரும் அவரே. தம் ஊராரையும் சாதியாரையுமே அழைத்து வந்தார். முகமறியா ஊரில் ஏழைக்கு வேலையும் கடனும் தந்தவர் அவர்தாம், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவருக்கு வேண்டாதவன் வாயிலிலேயே நின்றான். ஆலைகளில் நிலவிய இந்தக் கையூட்டை விட்லி ஆணைக்குழு 1931இல் கண்டித்தது.

மேலாளர் தொழிலாளரை அறியாமையால் விளைந்தது என்ன? பக்ரீத், மொகரம், ரத யாத்திரை நாள்களில் விடுமுறை கேட்டு 1890களில் கல்கத்தாவைச் சூழ்ந்த ஆலைகளில் கலகங்கள் மூண்டன. ஒரு நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்கும் வழக்கு!

சட்டமும் பாதி வழிதான் வந்தது. அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளருள் பெரும்பான்மையோர்க்கு விளங்கும் மொழியிலும் இருந்தால் போதும் என்றது 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம். இந்தியே பெரும்பான்மையான ஆலையில், எந்திரத்தில் கை வைக்காதே என்னும் எச்சரிக்கையைத் தெலுங்கர் எப்படிப் படிப்பார்? இந்தி தெரியாமல் வடக்கே வேலைக்குச் சென்ற நம் நண்பர்களைக் கேளுங்கள்.

இனி நம்மைப் பார்ப்போம். சங்கத்து மூத்தவர் ஒருவர் தம் அலுவலகத்தில் இடம் காலியென்று நம் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் சொல்கிறார். நாமும் மகிழ்ந்து விண்ணப்பிக்கிறோம். மாமூல் இல்லை, உண்மைதான். ஆனால் அறைத்தோழனான அஸ்ஸாமிய மாணவனுக்கு அச்செய்தி எட்டுவதில்லை. நாளை அதே அலுவலகத்தில் நான்கு தமிழர் கூடித் தமிழிலேயே பேசிக்கொண்டிருக்க, ஐந்தாமவர் வாய்மூடி அமர்ந்திருப்பார்.

அத்தகைய செய்திகளைத் துறை அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாமா என்று அடுத்த பொதுக்குழுவில் கேட்க எண்ணியிருக்கிறேன். எதிர்ப்பவர்கள் இருப்பார்கள், அவர்கள் காரணத்தையும் கேட்க ஆவலுடையேன்.