சாதியும் ஒரு கிரியைதான்

விசுவாசத்தினால் மட்டுமே இரட்சிப்பு, கிரியைகளால் அல்ல. லுத்தரன் சபையில் பிறந்த சேரிப் பிள்ளைக்கு இது சோறு ஊட்டும்போதே ஊட்டப்படுகிற பாடம். எனக்கும் ஊட்டினார்கள். இந்தப் பாடத்தைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. எங்களிடம் இதை ஓயாமல் சொல்கிறவர்கள், சொல்ல வேண்டிய ஆளிடம் போய்ச் சொல்வதில்லை என்கிறேன். என் சண்டை அதுதான்.

சபைக்குள் சாதியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கல்லறைத் தோட்டத்தில் ஏன் ரெண்டு பக்கம், கமிட்டித் தேர்தலில் ஏன் சாதிக்கணக்கு என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். ‘தம்பி, அதெல்லாம் உலகக் காரியம். போராட்டம் பண்ணி பரலோகம் போக முடியுமா? ஆத்துமா இரட்சிக்கப்பட்டுச்சா, அதப் பாரு.’ ஆக, நாம் கேள்வி கேட்டால் அது கிரியை. அவர்கள் சாதி பார்த்தால் அது வெறும் வழக்கம். நல்லா இருக்குதய்யா உங்க நியாயம்!

சாதி என்ன, மனசுக்குள் ஒளித்து வைத்திருக்கிற நம்பிக்கையா? அது செயல். பெண் கொடுக்க மறுப்பது செயல். சேரி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காமல் திரும்புவது செயல். பிணத்தைத் தனியாகப் புதைப்பது செயல். கையாலும் காலாலும் தினந்தினம் செய்கிற இந்த வேலை கிரியை இல்லை என்றால் வேறு எதுதான் கிரியை?

பவுலை எங்களுக்குப் பாதிதான் வாசித்துக் காட்டினார்கள். கலாத்தியர் நிருபம் இரண்டாம் அதிகாரத்தில் பிரசங்கியார் 16ஆம் வசனத்தைப் பிடித்துக்கொள்வார். சண்டை 11ஆம் வசனத்திலேயே தொடங்கிவிடுகிறது. அந்தியோக்கியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்தார்கள். பேதுரு பயந்துபோய் பந்தியை விட்டு விலகினான். பவுல் சும்மா விடவில்லை. எல்லாருக்கும் முன்னால் முகத்துக்கு நேரே கேட்டான். விசுவாசத்தினால் நீதிமானாவது என்கிற பேச்சு அந்த நிருபத்தில் இந்தப் பந்திச் சண்டைக்குள்ளிருந்துதான் கிளம்புகிறது. சேர்ந்து சாப்பிட மறுத்தவனுக்கு எதிராக எழுந்த வார்த்தை அது. அந்த வார்த்தையை வைத்தே எங்களைப் பந்திக்கு வெளியே உட்கார வைத்தார்கள்.

யாக்கோபு நிருபத்தையும் பாருங்கள். கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்று சொல்வதால் லுத்தருக்கு அது பிடிக்கவில்லை. 1522இல் எழுதிய முன்னுரையில் அதை வைக்கோலோடு ஒப்பிட்டார். ஆனால் அந்த அதிகாரம் எங்கே தொடங்குகிறது? பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கை, கந்தல் கட்டியவனுக்குக் காலடி என்று சபைக்குள் இடம் பிரிப்பதைக் கண்டிப்பதில் தொடங்குகிறது. பவுலையும் யாக்கோபையும் இறையியலாளர்கள் காலங்காலமாக மோதவிட்டார்கள். யார் யாரோடு சாப்பிடுவது, யார் எங்கே உட்காருவது என்று வரும்போது ரெண்டு பேரும் ஒரே கட்சிதான்.

இந்தப் பிரித்துப் பார்க்கும் வேலை இந்தியாவில் தொடங்கியதல்ல. 1525இல் ஜெர்மன் குடியானவர்கள் மெம்மிங்கென் நகரில் 12 கோரிக்கைகளை எழுதினார்கள். கிறிஸ்து எல்லாரையும் மீட்டிருக்க, நாங்கள் பண்ணையடிமையாக இருப்பது எப்படி என்பது அதில் மூன்றாவது. கிறிஸ்தவ விடுதலையைச் சரீர விடுதலையாக்குகிறீர்கள் என்று லுத்தர் மறுத்தார். கலகம் பரவியதும் அவர்களை ஒடுக்கச் சொல்லி அதிகாரிகளுக்கு எழுதினார். விடுதலை ஆத்துமாவுக்கு, சரீரம் ஆண்டைக்கு. இந்தக் கணக்கு அன்றே போட்டாயிற்று.

அந்தக் கணக்கு 1706இல் சீகன்பால்குவோடு தரங்கம்பாடிக்குக் கப்பலேறி வந்தது. 18ஆம் நூற்றாண்டின் தரங்கம்பாடி சபையில் வெள்ளாளரும் பறையரும் தனித்தனியாக உட்கார்ந்தார்கள். 1733இல் வெள்ளாளரான ஆரோன் குருப்பட்டம் பெற்றார். தஞ்சாவூர்ப் படையில் சேவகம் செய்து, பிறகு ஊழியத்துக்கு வந்த ராஜநாயக்கன் பறையர். அவருடைய விசுவாசத்தில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் குருப்பட்டம் தரவில்லை. அவர் கையால் மேல்சாதிக் கிறிஸ்தவர் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்றார்கள். 1771இல் உபதேசியாராகவே செத்தார். பரலோகத்துக்கு விசுவாசம் மட்டும் போதும், பலிபீடத்துக்குப் போதாதா?

1833இல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனே விட வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சை வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். 1850இல் சென்னை மிஷனெரிகள் மாநாடு சாதிக்கு எதிராகத் தீர்மானம் போட்டபோது லைப்சிக் லுத்தரன் மிஷன் மட்டும் சேரவில்லை. கட்டாயப்படுத்தக் கூடாது, சுவிசேஷம் மெல்ல மெல்லக் கரைத்துவிடும் என்றார்கள். 170 வருஷத்துக்கு மேல் ஆச்சு. கரைஞ்சுதா?

கிரியையும் வேண்டும் என்ற கத்தோலிக்கர்கள் மட்டும் யோக்கியமா? வடக்கன்குளம் கோயிலுக்குள் வெள்ளாளரையும் நாடாரையும் பிரித்த சுவர் 1910இல்தான் இடிந்தது. நாடாருக்கே சுவர் என்றால் நம் கதியைச் சொல்ல வேண்டுமா? 1999 அக்டோபர் 31இல் லுத்தரன்களும் கத்தோலிக்கர்களும் ஆக்ஸ்பர்க் நகரில் இந்த உபதேசம் பற்றிக் கூட்டுப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார்கள். சந்தோஷம். விசுவாசமா கிரியையா என்று சண்டை போட்டபோதும் ரெண்டு பேருடைய கிரியைப் பட்டியலிலும் உபவாசம் உண்டு, தர்மம் உண்டு. சாதி இல்லை. அதில் ஒற்றுமை முன்பே இருந்தது!

அரசாங்கத்துக்கும் எங்கள் விசுவாசம்தான் கண்ணை உறுத்துகிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவன் ஆனதும் சாதி போய்விட்டது என்கிறது சட்டம். சாதி இருக்கட்டும், இரட்சிப்புக்கு இடைஞ்சல் இல்லை என்கிறது சபை. ரெண்டு பக்கமும் அடி.

மதுரை அரசரடியில் இறையியல் கற்பித்த தியாபிலஸ் அப்பாவு, நம்முடைய பரட்டை, 2005இல் காலமானார். ஒரே உலையில் சமைத்துச் சேர்ந்து உண்பதையே அவர் இறையியலாகப் பேசினார். பந்தியிலிருந்து எழுந்துபோன பேதுருவைத் திரும்ப உட்காரச் சொன்ன பேச்சு அது.

போதகர்களே, கிரியையை நம்பாதே என்று சேரியைப் பார்த்துச் சொன்னது போதும். எங்களிடம் நம்புவதற்கு என்ன கிரியை இருக்கிறது? பிறப்பை நம்பி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறவன் முன்வரிசையில் இருக்கிறான். அவன் பக்கம் திரும்பிச் சொல்லுங்கள்: ஐயா, உம் சாதி உம்மை இரட்சிக்காது, அதை விடும் என்று. அடுத்த வாரம் உங்களுக்குப் பிரசங்க பீடம் இருக்குமா என்று பார்ப்போம். இல்லாவிட்டால் சேரிக்கு வாங்க. உலை கொதிக்குது.