டேப்லெட்டை மானிட்டரில் மாட்டலாமா?

பத்து அங்குல டேப்லெட்டில் குனிந்தபடி இரண்டு மணி நேரம் கணக்குப் பாடம் பார்க்கும் பிள்ளைக்குக் கழுத்துதான் முதலில் வலிக்கும். அதே வீட்டில், பழைய கம்ப்யூட்டர் பழுதான பிறகு அதன் மானிட்டர் மட்டும் துணி போர்த்திக்கொண்டு மூலையில் சும்மா இருக்கும். இரண்டையும் இணைத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். கடையில் ‘டைப்-சி டு ஹெச்டிஎம்ஐ’ கேபிள் வாங்கி வந்து மாட்டினால், மானிட்டர் ‘நோ சிக்னல்’ என்று கையை விரித்துவிடும்.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் டேப்லெட்டைப் பாருங்கள். டைப்-சி என்பது அந்தத் துளையின் வடிவம் மட்டுமே. அதன் வழியே படம் வெளியே போக, ‘டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்ற வசதி டேப்லெட்டுக்குள் இருக்க வேண்டும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு மாடல்களில் பெரும்பாலும் அதை வைப்பதில்லை. சாம்சங்கில் டேப் எஸ்8, எஸ்9 போன்றவற்றில் உண்டு. எஸ்6 லைட்டில் கிடையாது, பெயரில் ‘எஸ்’ இருந்தும்! டைப்-சி துளை உள்ள ஐபேடுகள் எல்லாமே படம் அனுப்பும். பழைய லைட்னிங் துளை ஐபேடுக்குத் தனி அடாப்டர் வாங்க வேண்டும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டின் விவரக் குறிப்பில் ‘யூஎஸ்பி 2.0’ என்று மட்டும் இருந்தால், அநேகமாக வேலைக்கு ஆகாது. உள்ளே இல்லாத வசதியை எத்தனை ரூபாய் கேபிளும் கொண்டுவந்துவிடாது.

வசதி இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கேபிள். டேப்லெட்டோடு வந்த சார்ஜர் கேபிளை நம்ப வேண்டாம். பெரும்பாலானவை சார்ஜ் ஏற்றத்தான் லாயக்கு. டேப்லெட்டில் இருப்பது ஒரே துளை என்பதால், படம் போகும்போது சார்ஜ் ஏறாது. பாடம் நீளமாக இருக்கும் வீடுகளுக்கு, சார்ஜரையும் சேர்த்து மாட்டும் ‘ஹப்’தான் சரி. மானிட்டர் ரொம்பப் பழையது, பின்னால் நீல நிற விஜிஏ துளை மட்டும் என்றால், அதற்கேற்ற கன்வெர்ட்டர் தேவை. விஜிஏ வழியே ஒலி போகாது. ப்ளூடூத் ஸ்பீக்கரோ ஹெட்போனோ வைத்துக்கொள்ளலாம்.

திரையில் என்ன தெரியும் என்பதும் டேப்லெட்டைப் பொறுத்தது. சாம்சங்கின் ‘டெக்ஸ்’ கம்ப்யூட்டர் போலவே தனித்தனி ஜன்னல்களாகக் காட்டும். ஐபேடில் எம்1 சிப் முதல் வந்தவைதான் மானிட்டரை இரண்டாவது திரையாகப் பயன்படுத்தும். மற்றவை உள்ளதை அப்படியே பிரதிபலிக்கும். இரு ஓரமும் கறுப்புப் பட்டை விழும். அது பழுதல்ல, இரண்டு திரைகளின் அகல உயர விகிதம் வேறு.

கேபிளே வேண்டாம், வைஃபையில் அனுப்பிவிடலாமே என்றால், ஸ்மார்ட் டிவி உள்ள வீட்டில் ஆண்ட்ராய்டின் ‘ஸ்மார்ட் வியூ’, ‘காஸ்ட்’ போன்றவை பாடம் பார்க்கப் போதும். பேனாவால் எழுதிக் கணக்குப் போட்டால் கோடு சற்றுத் தாமதமாகத்தான் திரையில் விழும், எரிச்சல் வரும். சாதாரண மானிட்டருக்கு வைஃபை கிடையாது.

கடைக்குப் போகும்போது டேப்லெட்டையும் எடுத்துப் போய், அங்கேயே ஒரு திரையில் மாட்டிப் படம் வந்த பிறகு பணம் கொடுங்கள். வீட்டில் மானிட்டரைப் பிள்ளையின் கண் மட்டத்துக்கு உயர்த்தி வைத்து, டேப்லெட்டைக் கீழே எழுதும் பலகையாக வைத்துக்கொள்ளலாம்.